கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது

கணினி அறையில் பதினெட்டு டப்.
இரண்டுக்குச் சார்ஜ் ஏறாது.
நீர்வேலி, ஒன்பதாம் வகுப்பு, செவ்வாய், நாலாம் பாடம்.

பாடம் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்கும் மென்பொருள்:
கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது?

மிதுர்ஷன் எழுதினான்: ஊற்றில் இருந்து.
மஞ்சள். ஓரளவு சரியாம்.
போன தவணை வெள்ளவத்தையால் வந்த சஷ்மிதா
"கிணறெண்டா அந்த வட்டமோ மிஸ்" என்று கேட்டுவிட்டு
ஒன்றும் எழுதாமல் 'அடுத்து' அமத்தினாள்.
விடுதிப் பிள்ளை கனிஸ்ரா, ஊர் புங்குடுதீவு,
எழுதினாள்: பவுசரில் இருந்து.
சிவப்புப் புள்ளடி.

பிறகு நிலம் வெட்டுமுகமாய்த் திறந்தது.
மேலே நீலம், நல்ல தண்ணீர்.
அடியில் சிவப்பு. பெயர் போடவில்லை,
கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.
இழுக்க மூன்று குமிழ்:
மழை, மோட்டர், நிலத்தின் அகலம்.

சஷ்மிதா மோட்டரைப் பிடித்து ஒரே இழுவையில் கடைசிவரை.
சிவப்பு புற்றுப்போல் எழும்பிக் கிணற்றுக்குள் ஏறியது.
"செத்துப்போச்சு மிஸ்!"
ஏழு தரம் கிணற்றைக் கொன்றாள்.
பத்து நட்சத்திரம்.

மிதுர்ஷன் மழையை நிறைய விட்டான்.
மோட்டரைக் கொஞ்சம் போட்டான், நிப்பாட்டினான்,
பொறுத்திருந்தான்,
திரும்பவும் கொஞ்சம்.
திரையில் ஒரு மாற்றமும் இல்லை.
'நீ இன்னும் எதையும் ஆராயவில்லை' என்றது அது.
இரண்டு நட்சத்திரம்.

"இழன் முழுக்க."
"மணித்தியாலத்துக்கு மேலை விடக்கூடாது மிஸ்.
வெங்காயத்துக்குச் சவர் ஏறும்."
"உது படமடா."
"தெரியும் மிஸ்."
விரலைக் காற்சட்டையில் துடைத்தான்.
இழுக்கவில்லை.

கருத்தரங்கில் எங்களுக்கு இரண்டு அம்புக்குறி காட்டினார்கள்:
முன்னறிவு உள்ளவனைத் தனியே ஓட விடுங்கள்,
இல்லாதவளைக் கைபிடித்து நடத்துங்கள்.
நானும் கொப்பியில் கீறிக்கொண்டு வந்தேன்.
அறிந்ததால் கை நின்றுபோகிறவனுக்கு
அதில் ஒரு கோடும் இல்லை.

சார்ஜ் தீர்ந்தது ஒருவகையில் நல்லது.
மூன்று பேருக்கு ஒரு டப் என்று இருத்தினேன்.
சஷ்மிதாதான் இழுத்தாள். அவன் முகத்தைச் சுழித்தான்,
சொந்தத் தோட்டத்தில் ஆரோ மாடு விட்டதுபோல.
புற்று எழும்பியது.
"உதுதான் சவர்" என்றான்.
"அந்தச் சிவப்பு உப்போ?" என்றாள்,
எட்டாவது தரம் கொன்றபிறகு.

ஏழு வயதில் இருந்து மோட்டர் நிப்பாட்டுகிறவன்
கிணற்றுக்குக் கீழே அன்றுதான் பார்த்தான்.
உப்பின்மேல் மிதந்துகொண்டிருந்தது நல்ல தண்ணீர்,
மழைவிட்ட மெல்லிய தடிப்பு, அவ்வளவே.
கனநேரம் பேசவில்லை.
"அப்ப ஊத்தெண்டு ஒண்டு இல்லையோ மிஸ்?"

நட்சத்திரம் ஒன்றும் விழவில்லை.
எனக்கும் உடனே வாய் வரவில்லை.

கனிஸ்ரா அதுவரை ஒன்றையும் தொடவில்லை.
இப்போது கை நீட்டி
மூன்றாவது குமிழை, அகலத்தை,
உள்ளே தள்ளினாள்.
இரு பக்கத்தாலும் கடல் நெருங்கியது.
நீலம் வாழையிலைத் தடிப்பாகி,
நூலாகி.
இன்னும் தள்ளினாள்.
"எங்கட வீட்டடி இவ்வளவுதான்."
மழையை மிதுர்ஷன் கூட்டிப் பார்த்தான். நிற்கவில்லை.
மோட்டரைச் சஷ்மிதா சைபருக்குக் கொண்டுவந்தாள்,
தானாகவே, ஆரும் சொல்லாமல்.

மணி அடிக்க ஐந்து நிமிடம்.
முடிவில் அதே கேள்வியை மறுபடி கேட்கும் மென்பொருள்,
கற்றது எவ்வளவு என்று கழித்துப் பார்க்க:
கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது?

சஷ்மிதா: மழை. பச்சை.
மிதுர்ஷன் 'ஊ' என்று தொடங்கி அழித்தான்,
நேரம் முடிந்தது, வெற்றுப் பெட்டி.
கனிஸ்ரா யோசித்து, எழுத்துக்கூட்டி,
பவுசரில் இருந்து
என்றே எழுதினாள்.

முன்: பூச்சியம். பின்: பூச்சியம்.
முன்னேற்றம் இல்லை என்று
வலயத்துக்கு அனுப்பும் படிவத்தில் அது தானே நிரப்பிக்கொண்டது.
திருத்துவதற்கு இடம் தேடினேன்.
பெட்டி சாம்பல் நிறம், விரலுக்கு அசையாது.